ழான் வல்ழான் எதற்கு இப்படிப் பயந்தான்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசெராப்ள்’ நாவலை எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக் கூட்டத்தில் பத்து மாதம் இழுத்து இழுத்து ஒருவழியாக முடித்தோம். ரொட்டித் திருட்டு, போலீஸ் துரத்தல், புரட்சி, பாதாளச் சாக்கடை என்று பேச எவ்வளவோ இருந்தும், டீ வந்தவுடன் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தார்கள். பத்தொன்பது வருஷம் சிறையில் கிடந்து கல்லாகிப்போன ஒருவன், ஒரு பெண்பிள்ளை தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று ஏன் இப்படி நடுங்குகிறான்? அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாக்கிலேயே போட்டிருக்கிறேன். முடிவு வரை எல்லாக் கதையும் இதில் வந்துவிடும், 1862-ல் வந்த நாவலுக்கு அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

நான் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. யார் சார் இந்த ஆள், சுருக்கமா சொல்லுங்க.

பிரான்சில் ஃபாவ்ரோல் என்ற ஊரில் மரம் கழிக்கிற கூலியாள். விதவை அக்காவும் அவளுடைய ஏழு பிள்ளைகளும் இவன் கூலியை நம்பி இருந்தார்கள். 1795 குளிர்காலத்தில் வேலையும் இல்லை, வீட்டில் ரொட்டியும் இல்லை, கடைக் கண்ணாடியை உடைத்து ஒரு ரொட்டியை எடுத்தான். ஐந்து வருஷத் தண்டனை. தப்பி ஓடி ஓடி மாட்டிக்கொண்டதில் அது பத்தொன்பதாக வளர்ந்தது. துலோன் சிறையில் அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது, 24601 என்ற எண் மட்டும். 1815-ல் வெளியே வந்தவனை ஒரு சத்திரமும் சேர்க்கவில்லை. சேர்த்துக்கொண்ட ஒரே ஆள் பிஷப் மிரியேல். அவர் வீட்டிலேயே வெள்ளித் தட்டுகளைத் திருடிக்கொண்டு ஓடி, பிடிபட்டு வந்து நின்றபோது, நான் கொடுத்ததுதான் என்று போலீஸிடம் சொல்லி, இதை மறந்துவிட்டுப் போனாயே என்று இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளையும் கையில் கொடுத்து அனுப்பினார் அந்த மனிதர்.

அதற்குப் பிறகு வேறு பெயரில், கறுப்புக் கண்ணாடி மணி செய்கிற தொழிலில் பணக்காரனாகி, ஓர் ஊருக்கு மேயராகவும் ஆனான். ழவேர் என்ற இன்ஸ்பெக்டர் அங்கேதான் மோப்பம் பிடிக்கிறான். ஃபான்தீன் என்ற தொழிலாளிப் பெண்ணும் அந்த ஊர்தான்: மோன்ஃபெர்மேய் என்ற வேறொரு ஊரில் தெனார்தியே என்ற சத்திரக்காரனிடம் மகளை விட்டுவிட்டு, அவன் கேட்கக் கேட்கப் பணம் அனுப்பத் தலைமுடியை விற்று, முன்பற்கள் இரண்டை விற்று, கடைசியில் தன்னையே விற்று, நோயில் செத்துப்போகிறாள். அந்த மகள்தான் கோஸெத். உன் பிள்ளையைக் கொண்டுவருகிறேன் என்று ஃபான்தீனுக்கு வாக்குக் கொடுத்தவன் வல்ழான்.

பெயரை எப்படித்தான் சொல்றது, ஜீன் வால்ஜீனா ழான் வல்ழானா?

பிரெஞ்சு உச்சரிப்புக்குக் கிட்டத்தில் வருவது ழான் வல்ழான். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் ஜீன் வால்ஜீன் என்கிறார்கள், சண்டைக்கு நான் வரவில்லை. தமிழுக்கு இவன் புது ஆளும் இல்லை. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று இந்த நாவலை மொழிபெயர்த்தார், 1950-ல் அதே பெயரில் படமும் வந்தது. நாகையா கதாநாயகன். அதில் போலீஸ்காரராக, அதாவது நம் ழவேராக நடித்த சீதாராமனுக்கு ஆயுசுக்கும் ‘ஜாவர்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ஜாவர் சீதாராமன் என்றால் தெரியாதவர்கள் உண்டா?

இன்னொன்று, கூட்டத்துக்கு வருகிற ஓர் அம்மா, அறுபது வயசுக்காரரை எதற்கு அவன் இவன் என்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். நியாயம்தான். ஆனால் 1,400 பக்கம் கூடவே நடந்துவிட்டால் ‘அவர்’ வாயில் வர மறுக்கிறது.

கோஸெத் அவன் பெத்த பிள்ளையே இல்லையே, அப்புறம் எப்படி இவ்வளவு பாசம்?

பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெற்றவனுக்கு ஒரு உரிமை இருக்கிறது, ஊர் ஒத்துக்கொள்கிற உரிமை. இவனிடம் என்ன இருக்கிறது? செத்துப்போன ஒரு பெண்ணிடம் கொடுத்த வாக்கு, பொய்யான ஒரு பெயர், அவ்வளவுதான். கோஸெத் அவனை அப்பா என்று கூப்பிடுகிறாள், வேறு எந்தப் பெயரும் அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லின் மேல்தான் அவன் வீடு கட்டிக் குடியிருக்கிறான், எவனாவது வந்து நீ யார் இவளுக்கு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், விழுந்துவிடும்.

ஹ்யூகோ வேறொன்றையும் சொல்கிறார். அவளைக் கண்டபோது இவனுக்கு ஐம்பத்தைந்து வயது, அவளுக்கு எட்டு. அதுவரை அவன் யாருக்கும் அப்பாவாக இருந்ததில்லை, கணவனாக இருந்ததில்லை, காதலனாக இருந்ததில்லை, நண்பனாகக்கூட இருந்ததில்லை. அக்காவும் அந்த ஏழு பிள்ளைகளும்கூட மங்கலான ஞாபகமாகிக் கடைசியில் மறந்தே போனார்கள், சிறை அவனை அப்படி ஆக்கியிருந்தது. ஐம்பத்தைந்து வருஷம் செலவழிக்காமல் கிடந்த பாசம் முழுக்க ஒரே பிள்ளை மேல் இறங்குகிறது.

சரி, அவ்வளவு கெட்டிப்பட்ட மனுஷன் எந்த இடத்தில இளகினான்?

பிஷப் வீட்டில் என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே அவன் திருந்தினான், இளகியது மோன்ஃபெர்மேய் காட்டில் என்பேன். 1823 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. சத்திரக்காரி எட்டு வயதுப் பிள்ளையைக் கையில் ஒரு வாளியைக் கொடுத்துக் காட்டு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிட்டாள். அவள் உயரத்துக்கு அந்த வாளியே பெரிசு. நிறைத்துத் தூக்கிக்கொண்டு நாலு அடி வைப்பதும், இறக்கி வைத்து மூச்சு வாங்குவதும், இரும்புக் கைப்பிடி சில்லிட்டு விரல் மரத்துப்போவதும், தளும்பின தண்ணீர் வெறும் காலில் கொட்டுவதுமாக வருகிறாள். கடவுளே என்று வாய்விட்டு அழைக்கிறாள். அந்த நிமிஷம் வாளியின் கனம் காணாமல் போகிறது. இருட்டில் ஒரு பெரிய கை வந்து கைப்பிடியைப் பிடித்திருக்கிறது.

பேசிக்கொண்டே நடக்கும்போது, அம்மா இல்லையா என்று கேட்கிறான். எனக்கு அம்மா இருந்ததே இல்லை என்று நினைக்கிறேன் என்கிறாள் அவள். கொஞ்சம் பொறுத்துப் பெயரைக் கேட்கிறான். கோஸெத் என்றதும் அவனுக்கு உடம்பில் மின்சாரம் பாய்ந்ததுபோல ஆகிறது. மறுநாள் தெனார்தியேவிடம் 1,500 பிராங்கை எண்ணி வைத்துவிட்டு அவளைக் கூட்டிப் போகிறான், வரும்போதே அவள் அளவுக்கு ஒரு கறுப்புக் கம்பளிக் கவுன், காலுறை, செருப்பு எல்லாம் மூட்டையில் கொண்டுவந்திருக்கிறான். செத்த அம்மாவுக்குத் துக்கம் காக்கக் கறுப்பு. அந்தத் துணிகளை மறக்காதீர்கள், கடைசியில் திரும்ப வரும்.

அவன் பயந்தது ழவேருக்குத்தானே? போலீஸ் பிடிச்சா ஜெயில், அதானே பயம்?

அதிகமாக வருகிற கேள்வி இது. பதில்: இல்லை. ஜெயிலுக்குப் பயந்தவன் அராஸ் கோர்ட்டுக்குப் போயிருக்க மாட்டான். மேயராகச் சுகமாக இருக்கும்போது, வேறு யாரோ ஒரு கிழவனை ழான் வல்ழான் என்று தவறாகப் பிடித்துவிட்டார்கள். பேசாமல் இருந்தால் கேஸ் முடிந்தது, ஆயுளுக்கும் நிம்மதி. ராத்திரி முழுக்கத் தவித்துவிட்டு, வண்டி கட்டிக்கொண்டு போய், நான்தான் அவன் என்று நீதிபதி முன்னால் நின்றான். கோர்ட்டில் இருந்த ஒரு மணி நேரத்திலேயே தலைமுடி முழுக்க வெளுத்துவிட்டது, ஆனாலும் சொன்னான். திரும்ப ஜெயில், அங்கே ஒரு கப்பலில் வேலை செய்யும்போது கடலில் விழுந்து செத்ததாகப் பேர் பண்ணிக்கொண்டுதான் கோஸெத்தைத் தேடி வந்தான்.

அவள் வந்த பிறகு அதே ஜெயிலுக்குப் புது அர்த்தம் வந்துவிடுகிறது, உள்ளே போனால் அவளைப் பிரிய வேண்டும். ழவேர் அந்தப் பிரிவுக்கு ஒரு வழி, அவ்வளவுதான். ழவேரை எப்படிச் சமாளிப்பது என்று அவனுக்குத் தெரியும்: சுவர் ஏறலாம், பெயர் மாற்றலாம், வீடு மாற்றலாம், தேவைப்பட்டால் உயிரோடு சவப்பெட்டிக்குள் படுத்துக்கொண்டு சுடுகாடு வரை, தப்பு, கல்லறை வரை போய்த் திரும்பலாம், எல்லாமே செய்கிறான். கோஸெத் தானாகவே வேறொருவனை விரும்பிவிட்டால் எந்தச் சுவரில் ஏறுவது? கெட்டிப்பட்ட மனுஷனைக் கவிழ்த்தது அதுதான்.

கன்னிமாடத்தில பத்திரமாத்தானே இருந்தாங்க, எதுக்கு வெளிய வந்தான்?

பாரிஸில் ழவேர் துரத்தும்போது சுவர் ஏறிக் குதித்தது ஒரு கன்னியாஸ்திரீ மடத்துக்குள். அங்கே தோட்டக்காரனுக்குத் தம்பி என்று சொல்லிக்கொண்டு இவனும் தோட்டவேலை, கோஸெத் அங்கேயே பள்ளிக்கூடம். ஆண்வாடை தெரிந்து கன்னியாஸ்திரீகள் விலகிப்போக வசதியாக முழங்காலில் ஒரு மணி கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். உலகத்திலேயே இவனுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. அவளும் வளர்ந்து அங்கேயே கன்னியாஸ்திரீ ஆகிவிட்டால் சாகிறவரை பிரிவே இல்லை.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவன் கூசிப்போகிறான். உலகம் என்றால் என்ன என்றே காட்டாமல் அவளை அதைத் துறக்கவைத்தால், அது அந்தப் பிள்ளையிடம் திருடுவது இல்லையா? ரொட்டி திருடினவனுக்கு இந்தத் திருட்டு பெரிசாகப் படுகிறது. 1829-ல் வெளியே வந்து ப்ளூமே தெருவில் தோட்டம் மண்டிக்கிடக்கிற ஒரு வீட்டில் குடியேறுகிறார்கள். பயம் ஒரு பக்கம் இழுக்க, நியாயம் ஒரு பக்கம் இழுக்க, முனகிக்கொண்டே நியாயத்தின் பின்னால் போவதுதான் இவன் பழக்கம், இதையே இன்னும் மூன்று தடவை பார்க்கப்போகிறோம்.

மகளை லவ் பண்ற பையன் மேல இவ்வளவு வெறுப்பா? படிக்க ஒரு மாதிரி இருக்கே.

இருக்கத்தான் செய்கிறது, ஹ்யூகோ அதை மறைக்கவும் இல்லை. லுக்ஸம்பூர் பூங்காவில் ஒரே பெஞ்சில் தினமும் அப்பாவும் மகளும் உட்காருகிறார்கள். மரியுஸ் என்ற இளைஞன் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு அந்தப் பக்கமே நடக்க ஆரம்பிக்கிறான். கிழவன் கண்டுபிடித்துவிட்டான். பெஞ்சை மாற்றிப் பார்க்கிறான், கைக்குட்டையைப் போட்டுப் பார்க்கிறான், பையன் எல்லாப் பொறியிலும் விழுகிறான். அப்புறம் வீட்டையே மாற்றிவிட்டான், பூங்காவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டான். கோஸெத் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, லுக்ஸம்பூருக்குப் போகலாமா என்று கேட்டபோது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தான். போனார்கள், பையன் இல்லை. மறுநாள் திரும்பக் கேட்டான். வேண்டாம்ப்பா என்றாள். அந்த ‘வேண்டாம்’ என்னை ஒரு நாள் முழுக்கத் தொந்தரவு செய்தது.

இதைத் தப்பான கண்ணோடு படிக்காதீர்கள் என்றுதான் கூட்டத்தில் சொல்வேன். மேலே சொன்னதுபோல இவனுக்கு வேறு உறவே கிடையாது. மகளாகவும் அம்மாவாகவும் சகோதரியாகவும் அவள் ஒருத்தியைத்தான் நேசித்தான் என்கிறார் ஹ்யூகோ. அது சுயநலம் இல்லாத பாசம் என்று அவர் எங்கேயும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஒருமுறை கொள்ளைக்காரர்களிடம் மாட்டி, உங்கள் சித்திரவதைக்கெல்லாம் பயப்படுகிற ஆள் நானில்லை என்று காட்டப் பழுக்கக் காய்ச்சின உளியைத் தன் கையிலேயே தானே வைத்துக்கொள்கிறான் இந்த மனுஷன். அந்தப் புண்ணோடு வீட்டுக்கு வந்து காய்ச்சலில் கிடக்கும்போது கோஸெத் பக்கத்திலேயே உட்கார்ந்து கட்டுப் போடுகிறாள், படித்துக் காட்டுகிறாள். அப்போது அவன் நினைப்பது என்ன தெரியுமா, எவ்வளவு நல்ல புண்! பிள்ளை திரும்பக் கிடைத்தாளே என்ற சந்தோஷத்தில் வலி தெரியவில்லை.

மை ஒற்றுற தாள், கண்ணாடி, ஏதோ படிக்கிறான்... அந்தக் காட்சி சுத்தமா புரியல.

முன்னெல்லாம் மையில் எழுதினால் ஈரம் காய்வதற்குள் மேலே ஒரு தாளை வைத்து ஒற்றுவார்கள். எழுத்து அந்தத் தாளில் இடம் வலமாக மாறிப் பதியும், சும்மா பார்த்தால் கிறுக்கல் மாதிரி இருக்கும். கண்ணாடி முன்னால் பிடித்தால் நேராகத் தெரியும்.

1832 ஜூன் 4. மரியுஸ் விஷயம் முழுதாகத் தெரியாமலே, ஏதோ ஆபத்து என்று வல்ழான் கோஸெத்தை அவசரமாக வேறு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான், ஒரு வாரத்தில் இங்கிலாந்துக்குக் கிளம்புவதாகத் திட்டம். மறுநாள் சாயங்காலம் கோஸெத் தலைவலி என்று அறையில் இருக்கிறாள். இவன் தனியாகக் கொஞ்சம் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டு, நிம்மதியாக, லண்டனாக இருந்தால் என்ன, அவள் கூட இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறான். அலமாரி மேல் சாய்ந்திருக்கிற கண்ணாடியில் ஏதோ எழுத்து தெரிகிறது. அப்பா உடனே கிளம்பச் சொல்கிறார், இந்த விலாசத்தில் இருப்போம், ஒரு வாரத்தில் இங்கிலாந்து என்று அன்பே போட்டு எழுதி, கீழே கோஸெத். அவள் மரியுஸுக்கு எழுதின கடிதத்தை ஒற்றின தாள் கண்ணாடி முன்னால் அப்படியே கிடந்திருக்கிறது. முதலில் அவனால் நம்பவே முடியவில்லை, தாளை எடுத்து நேரில் பார்த்தால் கிறுக்கல்தான் தெரிகிறது, அப்பாடா என்கிறான். திரும்பக் கண்ணாடியைப் பார்க்கிறான். எழுத்து அங்கேயேதான் இருக்கிறது.

பத்தொன்பது வருஷச் சிறை செய்யாததை நாலு வரி செய்துவிட்டது. ஒரு போலீஸ்காரனும் இல்லை, கத்தியும் இல்லை, சாப்பிட்ட தட்டு இன்னும் மேஜையில் இருக்கிறது. அந்தத் தாளை அவள் ஒளித்து வைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. அவள் எதையும் அவனிடமிருந்து பறிக்க நினைக்கவே இல்லை, அவனைப் பற்றிய பயமே அவளுக்கு இல்லை.

மரியுஸ் சாகப்போறான்னு சந்தோஷப்பட்டவன், எதுக்குப் போய் அவனையே காப்பாத்தினான்?

சந்தோஷப்பட்டது உண்மை. அதே ராத்திரி பாரிஸில் கலகம், தெருவை அடைத்துத் தடுப்பரண் கட்டியிருக்கிறார்கள், மரியுஸ் உள்ளே இருக்கிறான். நான் சாகப்போகிறேன் என்று அவன் கோஸெத்துக்கு எழுதின கடிதம் ஒரு சின்னப் பையன் கையில் வந்து கிழவனிடமே சிக்குகிறது. படித்தவுடன் வருகிற மகிழ்ச்சியைக் கோரமான மகிழ்ச்சி என்றுதான் எழுதியிருக்கிறார் ஹ்யூகோ. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் போதும், பயம் தீர்ந்தது, பிள்ளை தனக்கே. அப்புறம் முகம் இருண்டுபோகிறது. ஒரு மணி நேரம் கழித்து தேசியக் காவல் படை உடுப்பைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியோடு கிளம்பிவிடுகிறான்.

இடையில் அந்த ஒரு மணி நேரம் அவன் மனதில் என்ன ஓடியது? வாட்டர்லூ போருக்கும் பாரிஸ் சாக்கடைக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்கின ஹ்யூகோ இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. கொல்லப் போகிறானா, காப்பாற்றப் போகிறானா என்று நமக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். நாவலிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த மௌனம் இது.

காப்பாற்றினான் என்றால் அன்பு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குண்டடிபட்டு நினைவில்லாத மரியுஸை முதுகில் தூக்கிக்கொண்டு சாக்கடை வழியாக நடக்கிறான், ஓரிடத்தில் இறக்கி வைத்துத் தன் சட்டையைக் கிழித்துக் காயத்துக்குக் கட்டுப் போடுகிறான். போட்டுவிட்டு, அரை இருட்டில் அந்த முகத்தைப் பார்க்கிறான், சொல்ல முடியாத வெறுப்போடு. கை கட்டுப் போடுகிறது, கண் வெறுக்கிறது. இவன் செய்கிற நல்லதெல்லாம் இப்படித்தான், உள்ளே ஒரு ஆள் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே.

இதெல்லாம் ஹ்யூகோவுக்குச் சொந்த அனுபவமா?

அவருடைய மூத்த மகள் லெயோபோல்தீன் 1843 பிப்ரவரியில் கல்யாணம் செய்துகொண்டாள். அதே வருஷம் செப்டம்பர் 4-ம் தேதி வில்கியே என்ற ஊரில் சேன் நதியில் படகு கவிழ்ந்து செத்துப்போனாள். பத்தொன்பது வயது. காப்பாற்றப் பார்த்த கணவனும் கூடவே மூழ்கினான். ஸ்பெயின் பயணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஹ்யூகோ, வழியில் ரோஷ்ஃபோரில் ஒரு செய்தித்தாளைப் பிரித்தபோதுதான் தன் மகள் செத்த சேதியைப் படித்தார். கண்ணாடியில் நாலு வரியைப் படித்து உட்கார்ந்துபோன கிழவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

1845-ல் இந்த நாவலைத் தொடங்கி, 1848-ல் நிறுத்தி, நாடுகடந்து கெர்ன்சி தீவில் இருக்கும்போது 1860-ல் திரும்பக் கையில் எடுத்தார். ஆனால் வல்ழான்தான் ஹ்யூகோ என்று கோடு போட்டு இணைக்க நான் தயாரில்லை. கோஸெத் சாகவில்லையே, நன்றாகத்தான் வாழ்கிறாள். மகள் நன்றாக இருக்கும்போதே அவளை இழப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இந்தக் கதை, கல்யாணம் செய்து கொடுத்த எல்லா வீட்டுக்கும் கொஞ்சம் தெரிந்த விஷயம்.

கல்யாணம் முடிஞ்சாச்சு, எல்லாரும் சந்தோஷம். மறுநாளே போய் நான் கைதின்னு எதுக்குச் சொல்லணும்? வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே?

எங்கள் கூட்டத்தில் சண்டையே நடந்த கேள்வி. 1833 பிப்ரவரி 16-ல் கல்யாணம். வலது கட்டைவிரலில் அடிபட்டதாகச் சொல்லித் துணி சுற்றிக்கொண்டு வருகிறான், பொய்ப் பெயரில் கையெழுத்துப் போட்டால் அவள் கல்யாணம் செல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில். விருந்தில் உட்காராமல் நழுவி வீட்டுக்கு வந்து, அவன் எங்கே போனாலும் கூடவே தூக்கித் திரிந்த அந்தச் சின்னப் பெட்டியைத் திறக்கிறான். (அப்படி என்ன இருக்கிறது அதில் என்று கோஸெத் பொறாமைப்பட்ட பெட்டி.) உள்ளே இருப்பது அந்த எட்டு வயதுப் பிள்ளையின் கறுப்புக் கவுன், காலுறை, செருப்பு. ஒவ்வொன்றாகக் கட்டிலில் பரப்பி வைத்து, அதன்மேல் முகம் புதைத்து அழுகிறான்.

விடிந்ததும் போய் மரியுஸிடம் மட்டும் சொல்கிறான். எங்களோடேயே இருங்கள் என்று இருவரும் கூப்பிட்டிருந்தார்கள், ஒரே வீட்டில் ஒரே மேஜையில் பொய்ப் பெயரோடு உட்கார முடியாது என்பது அவன் நியாயம். எங்களில் பாதிப் பேர் இதை மகாத்மாத்தனம் என்றார்கள். நான் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. தன் பாவத்தைச் சொன்னான் சரி, மரியுஸைச் சாக்கடையில் சுமந்தது நான்தான் என்று ஏன் சொல்லவில்லை? தடுப்பரணில் கையில் சிக்கின ழவேரைக் கொல்லாமல் விட்டதை ஏன் சொல்லவில்லை? சீதனமாகக் கொடுத்த 5,84,000 பிராங்க் தான் மேயராக இருந்து சம்பாதித்த பணம் என்று ஏன் சொல்லவில்லை? பாதி உண்மையைச் சொன்னதால் மரியுஸ் அவனைக் கொலைகாரன், திருடன் என்று நினைத்துக்கொண்டான். என் கணிப்பு இது: இழந்துவிடுவோமோ என்று பத்து வருஷம் தினமும் பயந்து பயந்து களைத்த ஒருவன், சரி நானே கொடுத்துவிடுகிறேன் என்று கையை விரித்துவிட்டான். இழப்பதைவிட இழக்கப்போகிறோம் என்ற பயம் அவனுக்குப் பெரிய பாரமாகிவிட்டது. கேட்க வேண்டியவள் கோஸெத், அவளை யாருமே கேட்கவில்லை.

அப்போ கோஸெத் நன்றி கெட்டவளா? வளர்த்தவரை அப்படியே விட்டுட்டாளே.

அவளிடம் உண்மையைச் சொல்லாமல் வைத்திருந்தது இரண்டு ஆண்களும் சேர்ந்து. தினமும் பார்க்க வருகிறேன் என்று ஒரு சலுகை மட்டும் வாங்கிக்கொண்ட வல்ழான், அவளை ‘மேடம்’ என்று கூப்பிடுகிறான், தன்னை ‘முசியே ழான்’ என்று கூப்பிடச் சொல்கிறான். அவள் கோபித்துக்கொள்கிறாள், கெஞ்சுகிறாள், என்ன விளையாட்டு இது என்கிறாள். சந்திப்பது தரைத்தளத்தில் ஈரம் கசிகிற ஓர் அறையில். ஒரு நாள் வந்தால் கணப்பில் நெருப்பு இல்லை. இன்னொரு நாள் நாற்காலிகள் கதவோரம் தள்ளிக் கிடக்கின்றன. அடுத்து நாற்காலிகளே இல்லை. போகச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு மறுநாள் வரவில்லை.

இருபது வயதுகூட நிரம்பாதவள், புதுசாகக் கல்யாணம் ஆனவள், அப்பா ஏதோ பயணம் போயிருக்கிறார் என்று நம்பிவிட்டாள். ஹ்யூகோவும் அவளைக் குற்றம் சொல்லவில்லை, வாழ்கிறவர்கள் வெளிச்சத்தைப் பார்த்து நடக்கிறார்கள் என்கிற மாதிரித்தான் விடுகிறார். எனக்கு மரியுஸ் மேல்தான் கோபம்.

கடைசியில அவன் பயந்தது நடந்ததா இல்லையா?

நடந்தது, போலீஸும் இல்லாமல் சாவும் இல்லாமல். வீட்டுக்குப் போவதை நிறுத்தின பிறகும் தினம் ஒரே நேரத்துக்குக் கிளம்பி அவள் தெரு முனை வரை நடந்து, அந்த வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். கொஞ்ச நாளில் முனை வரை போகாமல் ஒரு தெரு முன்னாலேயே திரும்புகிறான். அப்புறம் அதற்கும் முன்னால். சாவி கொடுக்காத கடிகாரத்தின் ஊசல் மாதிரி ஆட்டம் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் வாசலுக்கு வந்து திரும்பினான், ஒரு நாள் கட்டிலிலிருந்தே எழவில்லை.

பழைய சத்திரக்காரன் தெனார்தியே, வல்ழானைக் காட்டிக்கொடுத்துக் காசு பார்க்கலாம் என்று மரியுஸிடம் வந்து, வாய் தவறி எல்லா உண்மையையும் உளறிவிடுகிறான்: சாக்கடையில் சுமந்தது யார், ழவேர் செத்தது தற்கொலையில் என்பது, பணம் யாருடையது. இருவரும் வண்டி பிடித்து ஓடி வருகிறார்கள். பிஷப் கொடுத்த மெழுகுவர்த்தித் தண்டுகளில் விளக்கு எரிகிறது, கட்டிலில் அந்தக் கறுப்புக் கவுனை மறுபடி பரப்பி வைத்திருக்கிறான். அவள் ‘அப்பா’ என்று கத்திக்கொண்டு வந்து கட்டிக்கொள்கிறாள். கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, இருந்தாலும் வந்துவிட்டாள்.

அம்மா பேரை அவகிட்ட ஏன் சொல்லவே இல்ல?

கடைசியாக வந்த கேள்வி, கேட்டது கல்லூரிப் பெண் ஒருத்தி, அதுவரை வாயே திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தவள். பத்து வருஷம் கோஸெத் கேட்கிறாள், அவன் பேசாமல் இருக்கிறான், திரும்பக் கேட்டால் சிரிக்கிறான், வற்புறுத்தினால் அந்தச் சிரிப்பு கண்ணீராக முடிகிறது. ஜாக்கிரதையா, மரியாதையா, தன் ஞாபகத்தைத் தவிர வேறொருவர் ஞாபகத்தில் அந்தப் பெயரை விடப் பயமா என்று ஹ்யூகோ அடுக்கிக் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார். நான் மூன்றாவதைப் பிடித்துக்கொள்வேன். அம்மாவுக்கு ஒரு பெயர் வந்துவிட்டால், இவனுக்கு முன்னால் அவளுக்கு ஒருத்தி இருந்தாள் என்று ஆகிவிடும். இவ்வளவு கொடுத்தவன் கொடுக்காமல் கையில் வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான்.

மூச்சு வாங்குகிற நேரத்தில் அதையும் கொடுத்துவிடுகிறான். கோஸெத், உன் அம்மா பெயரைச் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது, அவள் பெயர் ஃபான்தீன், நினைவில் வைத்துக்கொள் என்கிறான். அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டு, அப்போ சாகும்போது அவன் கையில ஒண்ணுமே இல்லையா சார் என்றாள். ஆளுக்கு ஒரு கையாக அவளும் மரியுஸும் பிடித்திருந்தார்களே என்றேன்.